தாம்பரத்தை இடுப்பில் வைத்து நடந்த அம்மன்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சித்திரை மாதத்தில் தாம்பரம் தன் இடத்தை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. உள்ளூரில் இருந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை. ரயில் நிலையம் இருந்த இடத்தில்தான் இருந்தது. பேருந்து நிலையமும் அப்படியே. ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல்கூட ஓரடி நகரவில்லை. ஆனாலும் தாம்பரம் போய்விட்டதாம். காலையில் பேப்பருக்குள் மடித்துப் போட்டிருந்த மஞ்சள் நோட்டீஸைப் படித்துத்தான் இரும்புலியூர்க்காரர்களாகிய நாங்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டோம்.

'எல்லையம்மன் இடம் மாறினாள். தாம்பரம் இடம் மாறியது. நீங்கள் எப்போது?' என்று கேட்டது நோட்டீஸ். ஒரு பக்கம் தாடியும் ருத்திராட்சமுமாக எல்லைச் சித்தர் படம். மறுபக்கம் கூலிங்கிளாஸ் போட்ட மனை புரோக்கர் ஹேமநாத் படம். நடுவில் மூன்று செல்போன் நம்பர். சித்தரைக் கும்பிடுவதா, ஹேமநாத்துக்குப் போன் போடுவதா என்று குழம்பியவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

ஊரை இழுத்து நீட்டுவது எங்கள் பக்கத்தில் புதுத் தொழில் அல்ல. நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்து, கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் கை நிறையச் சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து புரோக்கர்களுக்கு இதுதான் வேலை. வேளச்சேரியை இழுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தினார்கள். அங்கே நிற்கும் கொக்கிடம் விலாசம் கேட்டிருந்தால் அதுவும் வேளச்சேரி விரிவு என்றுதான் சொல்லியிருக்கும். ஊரப்பாக்கம் 'தாம்பரம் மிக அருகில்' ஆனது. கூடுவாஞ்சேரி 'தாம்பரம் தெற்கு' ஆனது. ஆனால் அவர்கள் எல்லாரும் பேனரில் எழுதி இழுத்தவர்கள். பேனரை நம் ஜனங்கள் கொஞ்சமாவது சந்தேகப்படுவார்கள். ஹேமநாத் கெட்டிக்காரன். அவன் சாமியை விட்டு இழுத்தான்.

அந்த வாரமே இரும்புலியூர் கல்யாண மண்டபத்தில் கூட்டம். உட்கார இடமில்லாமல் பந்தி மேசை மேலெல்லாம் ஏறி நின்றார்கள். ரவா கேசரி உண்டு என்பதும் நோட்டீஸில் இருந்தது. சித்தர் மேடைக்கு வந்து பத்து நிமிடம் பேசாமல் நின்றார். அதிலேயே பாதிக் கூட்டம் கவிழ்ந்துவிட்டது. இந்தச் சித்தர் பூர்வாசிரமத்தில் வீராசாமி என்ற பெயரில், பேருந்து நிலைய வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர். பன்னிரண்டு வருடம் 'தாம்பரம், தாம்பரம்' என்று கூவியே தொண்டை கரகரத்தவர். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அப்போதே தெரிந்திருந்தாலும், பார்த்தாயா, தாம்பரத்தின் நாமத்தை லட்சக்கணக்கில் ஜபித்த மகான் என்றுதான் பேசியிருப்போம்.

சித்தர் சொன்ன சரித்திரம் இது. மேம்பால வேலை, ரயில் சத்தம், லாரிப் புகை, இவற்றால் எல்லையம்மனுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தாம்பரத்தை அப்படியே தண்ணீர்க் குடம்போல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். காற்றோட்டமான ஓர் இடம் பார்த்து இறக்கி வைத்து, தானும் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடம் எதுவோ அதுவே தாம்பரம். இங்கே மிச்சமிருப்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும். அருள் காலி. அங்கே போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரோ கேட்டார்கள். தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம் என்றான் ஹேமநாத். தாம்பரமே அங்கே போய்விட்டதென்றால் எந்தத் தாம்பரத்திலிருந்து பத்து நிமிடம் என்று கேட்க அந்த மண்டபத்தில் ஒரு நாதி இல்லை.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பட்டாபிராமன் எழுந்தார். இவர் எதையாவது கேட்பார், பெரிய ஆங்கிலத்தில் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்டார். "இனிமே லெட்டர்ல எந்த அட்ரஸ் போடறது ஸ்வாமி?" என்றார். மனிதர்களுக்கு எழுதும்போது பழைய விலாசம், தெய்வத்துக்கு எழுதும்போது புது விலாசம் என்று பதில் வந்தது. பட்டாபிராமன் அதைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு தெருவில் நடந்த எல்லாவற்றுக்கும் அம்மன் போனதே காரணமாயிற்று. மூன்று வீட்டில் தண்ணீர் மோட்டார் கருகியது. ஸ்ரீநிவாசராகவன் வீட்டு மாமரம் காய்க்கவில்லை. தினமும் மத்தியானம் கரண்ட் போனது. சித்திரையில் கரண்ட் போக அம்மன் எதற்கு, மின்சார வாரியம் போதாதா என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஆள் நான். என் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸும் ஹேமநாத்தின் மேசைக்குப் போய்விட்டிருந்தது. மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இனி ஹேமநாத்தின் திட்டம். அருள் போன மனையை அவனிடம் கொடுத்துவிட வேண்டியது. ஒரு கிரவுண்டுக்கு நாலு கிரவுண்டு, அம்மன் காலடியிலேயே. கையிலிருந்து பைசா வேண்டாம். அருளே இல்லாத வீட்டை வாங்கி நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், உங்கள் தோஷத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நெஞ்சில் கை வைப்பான். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எங்கள் தெருவில் கனகவல்லி அம்மாள் குடும்பம் முதலில் எழுதிக் கொடுத்தது. அப்புறம் இன்னும் இரண்டு குடும்பங்கள்.

நாலாவதாக எழுதித் தர இருந்தவர் ஜோதிலட்சுமி டீச்சர். எனக்கு எதிர் வீடு. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். கணவர் ரயில்வேயில் இருந்து, மேல்தளம் போடுவதற்குள் இறந்துபோனார். அந்த இரண்டு அறை வீடுதான் டீச்சருக்கும் மகள் சரிதாவுக்கும் இருந்த ஒரே சொத்து. சரிதா கல்லூரியில் கடைசி வருடம். இந்த ஓட்டை வீட்டைக் கொடுத்து நாலு மனை வாங்கினால் ஒன்றை விற்று மேற்படிப்பு, ஒன்றை விற்றுக் கல்யாணம் என்று டீச்சர் மனதுக்குள் பங்கு போட்டுவிட்டார். சரிதா வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நாலாவது வீட்டை எவனாவது சும்மா தோஷம் என்று வாங்குவானா என்று கேட்டாள். படித்த பெண்ணுக்கு நம்பிக்கை குறைவு என்று தெருவே அவளை அடக்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு என்று முடிவாயிற்று. அதற்கு முன் காலையில் அம்மனைத் தரிசித்து வர வேண்டும். கூட இரண்டு சாட்சிகள் வர வேண்டும். ஒரு சாட்சி நான். இன்னொரு சாட்சி மீன்காரக் காந்தா.

காந்தா கோவளத்து மீனவப் பெண். விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, முதல் பஸ்ஸில் தாம்பரம் வந்து, எங்கள் தெருவில் இருபது வீட்டுக்குக் கொடுப்பாள். அவளுக்கு அம்மன் போன கவலை இல்லை, வாடிக்கை போகிற கவலை. "இன்னா டீச்சர், தெருவே காலி பண்ணிகினு போவுதாமே. அப்ப என் பொயப்பு?" என்று கேட்டாள். பத்து நிமிடம்தானே, அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போ என்று டீச்சர் சமாதானம் சொன்னார். சரி, மீன் தாங்குமா என்று பார்க்கிறேன் என்று கூடையோடு வந்து நின்றாள். அதற்கு மேல் அவளுக்கு ஒரு சூழ்ச்சியும் இல்லை.

காலை ஆறு மணி. வெள்ளை டெம்போ டிராவலர், ஜன்னலெல்லாம் திரைச்சீலை. பதினாலு பேர் நின்றோம். முதலில் வாட்ச், செல்போன் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போடச் சொன்னார்கள். அம்மனுக்கு பேட்டரி ஆகாது. அடுத்தது கண் கட்டு. ஊர்ப்பக்கம் எல்லை கட்டும் பூசை போகிறபோது வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்களே, யாரும் பார்க்கக்கூடாது என்று. அந்தப் பழக்கத்தைச் சித்தர் அப்படியே வண்டிக்குள் கொண்டுவந்துவிட்டார். அம்மன் நடந்த வழியை நடுவில் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்றார். ஆளுக்கொரு மஞ்சள் துணி. அதற்கு மட்டும் தட்சிணை இருபத்தொரு ரூபாய்.

மீன் கூடையைப் பார்த்துச் சித்தர் முகம் சுளித்தார். "எங்கூர்ல எல்லையம்மனுக்குக் கருவாட்டுக் கொயம்புதான் படையலு. உங்க அம்மன் சைவமா?" என்று காந்தா கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பின்சீட்டுக்குக் கீழே வை என்றார். கானாங்கெளுத்தி மேல் இரண்டு கை நொறுக்கு ஐஸ் அள்ளிப் போட்டு, சாக்கு மூடி, அவளும் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

வண்டி புறப்பட்டது. சித்தர் முன்சீட்டில் இருந்து மந்திரம் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு இடுப்பு வலித்தது. ஒரு குழந்தை இரண்டு முறை தூங்கி இரண்டு முறை எழுந்தது. ஒரு இடத்தில் வண்டி நின்று, வெளியே ஒருவன் "சில்லற இல்லியா சார்" என்றான். எல்லைக் காவல் தெய்வம் காணிக்கை கேட்கிறது என்றார் சித்தர். நாங்கள் ஆளுக்கு ஐந்து ரூபாய் எடுத்து முன்னால் நீட்டினோம். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அடியில் தடக், தடக் என்று சீராக ஒரு சத்தம் நெடுநேரம் கேட்டது. அம்மன் கால் சிலம்பு என்றார். பட்டாபிராமன் தேம்பி அழுதார். அது பாலாற்றுப் பாலம்.

ஒருவழியாக இறங்கினோம். கட்டை அவிழ்த்ததும் வெயில் சுள்ளென்று முகத்தில் அறைந்தது. அம்மனின் பிரகாசம் என்றார்கள். பொட்டல் வெளி. மஞ்சள் அடித்த கற்கள் வரிசை வரிசையாக. நடுவில் ஒரு பந்தல், பந்தலில் ஒரு சுவர்க் கடிகாரம். ஆறு பத்து என்று அது காட்டியது. ஹேமநாத் காரில் முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான். சரியா பத்து நிமிஷம், பாத்துக்குங்க என்றான்.

மஞ்சள் பை வந்தது. என் வாட்ச் ஏழேகால் காட்டியது. டீச்சர் வாட்ச்சும் ஏழேகால். பதினாலு பேர் வாட்ச்சும், எல்லார் செல்போனும் ஏழேகால். நான் ஒரு கணம் திகைத்தேன் என்பது உண்மை. உடனே சித்தர் இரண்டு கைகளையும் தூக்கினார். "பாத்தீங்களா. ஒருத்தர் வாட்ச் தப்பா ஓடலாம். பதினாலு வாட்ச்சும் ஒரே அளவா தப்பா ஓடுமா? அம்மன் மகிமை இல்லாம இது நடக்குமா?" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கூசுகிறது.

பந்தலுக்கு அருகே அம்மன். முழங்கால் உயரக் கல், தலை வளைவாக இருந்தது. உடம்பெல்லாம் கனமாக மஞ்சள் பூசி, சிவப்புப் பட்டு கட்டி, கண் மலர் ஒட்டியிருந்தார்கள். மூன்று முறை சுற்றிவந்தோம். கொஞ்சம் தள்ளி, கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பழைய விவசாயக் கிணறு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மனை வரைபடத்தில் அதற்குப் பெயர் நீச்சல் குளம்.

டீச்சர் தன் வீட்டு மூலப் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்து, அம்மன் காலில் வைத்து, ஹேமநாத்தின் கையில் கொடுத்தார். அவன் வாங்கி உடனே தோல்பைக்குள் வைத்துப் பூட்டினான்.

அப்போதுதான் காந்தா கூடையோடு வந்தாள். சாக்கை விலக்கிக் காட்டினாள். மீன் தண்ணீரில் மிதந்தது.

"டீச்சர், இத்தப் பாரு. ரெண்டு கை ஐஸ் போட்டேன், ஒரு துண்டு இல்ல. கோவளத்துலேந்து தாம்பரம் ஒண்ணேகா மணி நேரம் பஸ்ல வரேன். ரெண்டு கை போட்டா கரெக்டா தாம்பரத்துல எறங்கும்போது தண்ணியாவும். தெனம் பாக்குறேன். பத்து நிமிசத்துல எப்டிக் கரையும்?"

அம்மனின் உக்கிரம் என்றார் சித்தர். உஷ்ணத்தில் உருகிவிட்டதாம். காந்தா கூடையின் அடியில் கை விட்டுத் துழாவியபடியே அடுத்ததைக் கேட்டாள்.

"அது கெடக்கட்டும் சாமி. பாத்தா கண்ணு அவிஞ்சிடும்னு சொன்னீங்க. டிரைவர் அண்ணன் கண்ணைத் தொறந்துகினுதான ஓட்டினாரு? அவுருக்கு ஏன் கண்ணு நல்லா கீது?"

எல்லாரும் திரும்பி டிரைவரைப் பார்த்தோம். எலியேசர் என்று பெயர், ஐம்பது வயது, வண்டியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாகத் தினமும் இதே வழியில் போய் வருகிற மனிதர். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. மூன்று மாதமாக எத்தனை பேர் இந்த வண்டியில் போயிருப்பார்கள், ஒருத்தருக்காவது இது தோன்றியதா?

அவர் வேற மதம், அம்மன் பார்வை அவர் மேல் படாது என்று சித்தர் உடனே சொன்னார். எலியேசர் பீடியை அணைத்துவிட்டு, தன் தாய் வழியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய குடும்பம்தான், தனக்கும் பாதி பார்வை பட வேண்டுமே என்று அடக்கமாகத் தெரிவித்தார். சித்தருக்கு வியர்த்தது. வாய் தவறி அடுத்ததைச் சொன்னார். வண்டியை ஓட்டுவது அம்மனே, டிரைவர் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அது ஆர்.டி.ஓ.வுக்காக என்றார்.

"இங்க ஆர்.டி.ஓ. யாரும் இல்லியே. திரும்பிப் போவசொல்ல அண்ணனுக்கும் ஒரு துணி கட்டிடலாம்" என்றாள் காந்தா.

இப்போது நடந்ததைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஹேமநாத்தும் சித்தரும் வேண்டாம் என்று சொன்னார்கள். வேண்டும் என்று குதித்தவர்கள் பக்தர்கள். அம்மன் வண்டி ஓட்டுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று பட்டாபிராமன் தன் மேல்துண்டையே கழற்றி நீட்டினார். எல்லாரும் பாய்ந்து பாய்ந்து ஏறினார்கள். ஹேமநாத் காரில் வருகிறேன் என்றான். அம்மன் ஓட்டும்போது நீங்கள் காரில் வருவதா என்று நாலு பேர் பிடித்து வண்டிக்குள் தள்ளினார்கள். சித்தரை முன்சீட்டில் உட்கார வைத்து, அவருக்கும் ஒரு துணி கொடுத்தார்கள். எனக்கு ஞானக்கண் இருக்கிறது, இது எதற்கு என்றார். அப்படியென்றால் கட்டினால் நஷ்டமில்லையே என்றார்கள். மெதுவாகக் கட்டிக்கொண்டார்.

எலியேசருக்குக் காந்தாவே கட்டினாள், இரண்டு சுற்று. கட்டும்போது அவர் காதில் ஏதோ முணுமுணுத்தாள். அது என்ன என்று அவரே பின்னால் எங்களிடம் சொன்னார்: முதல் கியர், பிரேக்கில் கால், பத்து எண்ணி நிறுத்திவிடு அண்ணே.

நாங்களும் கட்டிக்கொண்டோம். இஞ்சின் கிளம்பியது. எலியேசர் இயேசுவைக் கூப்பிட்டார், பட்டாபிராமன் அம்மனைக் கூப்பிட்டார். வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. மூன்று, நாலு, ஐந்து என்று யாரோ மூச்சுக்குள் எண்ணுவது கேட்டது. பத்தடிகூடப் போயிருக்காது.

"டேய் எலியேசரு, லெஃப்ட்ல ஒடி. லெஃப்ட்ல ஒடிடா, கெணறு, கெணறு. நிறுத்துடா."

அது சித்தரின் குரல் அல்ல. பேருந்து நிலைய வாசலில் ஷேர் ஆட்டோவின் தகரத்தைத் தட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் கத்திய வீராசாமியின் குரல். கதவில் படபடவென்று தட்டவும் செய்தார். வண்டி நின்றது. பின்சீட்டிலிருந்து காந்தா நிதானமாகக் கேட்டாள்.

"கண்ணைத்தான் கட்டிகினு கீறீங்களே சாமி. கெணறு எப்டித் தெரிஞ்சுது?"

நான் துணியைப் பிடுங்கி எறிந்தேன். எல்லாரும் அவிழ்த்தோம். சித்தரின் மஞ்சள் துணி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது. ஹேமநாத்தின் துணி அவன் கையிலேயே இருந்தது, அவன் கட்டவே இல்லை. கிணறு அங்கே, பத்தடிக்கு அப்பால். யாருக்கும் கண் போகவில்லை. பட்டாபிராமன் மட்டும் பாதுகாப்புக்காக ஒரு கண்ணைத் திறந்து, அது சரியாகத் தெரிகிறது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் மறுகண்ணைத் திறந்தார்.

ஜோதிலட்சுமி டீச்சர் வண்டியை விட்டு இறங்கினார். நேராக அம்மனிடம் போனார். பட்டை அவிழ்த்துக் கீழே போட்டார். யாரோ ஐயோ என்றார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தலில் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து கல்லின் தலையில் கவிழ்த்து, வெறும் கையால் மஞ்சளைத் தேய்த்தார். மஞ்சள் குழம்பாக வழிந்தது. அடியில் வெள்ளைப் பூச்சு தெரிந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து தெரிந்தது.

தாம்பரம் 54 கி.மீ.

ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்ட பழைய கிலோமீட்டர் கல். மதுராந்தகத்துக்குக் கிட்டே ரோட்டோரத்தில் கிடந்ததை எடுத்து வந்து நட்டு, பட்டுக் கட்டி, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எழுதியிருந்த எழுத்தின் மேலேயே மஞ்சளைப் பூசியிருக்கிறார்கள். மூன்று மாதமாக ஊர் அந்தக் கல்லைத்தான் சுற்றியிருக்கிறது. தன் நெற்றியிலேயே உண்மையை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே சாமி அதுவாகத்தான் இருக்கும்.

டீச்சர் எழுந்து நின்றார். கையெல்லாம் மஞ்சள். வகுப்பில் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"ஐம்பத்து நாலு கிலோமீட்டர், பத்து நிமிஷம். அப்போ மணிக்கு முந்நூற்று இருபத்து நாலு கிலோமீட்டர் வேகம். எய்த்ல ஒரு பையன் இந்த ஆன்சர் எழுதினா நான் முட்டை போடுவேன். இருபத்தாறு வருஷமா இந்தக் கணக்கைத்தான் நடத்தறேன். எனக்கு ஒரு தடவைகூடத் தோணலை." மஞ்சளைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஹேமநாத்திடம் கையை நீட்டினார். "என் மூலப் பத்திரத்தைக் குடுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். பதினாலு ஜோடிக் கண்கள் திறந்திருந்தன. தோல்பையைத் திறந்து கொடுத்தான். டீச்சர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, சரிதா பெயருக்கு வரப்போகும் அந்தக் காகிதங்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இன்னும் மூன்று மணி நேரம் போயிருந்தால் அந்த வீடு போயிருக்கும்.

திரும்பும்போது திரைச்சீலைகளை விலக்கிவிட்டு வந்தோம். எலியேசர் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டினார், அதுவே பெரிய ஆறுதல். பாலாறு, செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர் என்று ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டப் பழகும் குழந்தைகள் மாதிரி எல்லாரும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தோம். ஒன்றேகால் மணி நேரம். காந்தா மட்டும் படிக்கவில்லை, மீன் கெட்டுப்போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கானாங்கெளுத்தி முழுவதையும் அன்று நாங்கள் பேரம் பேசாமல் வாங்கினோம். சைவக்காரர் பட்டாபிராமன்கூடக் காசைக் கொடுத்துவிட்டு மீனைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டார்.

சித்தரும் ஹேமநாத்தும் அந்தப் பொட்டலிலேயே நின்றார்கள். அப்புறம் போலீஸ், புகார், வக்கீல் என்று நடந்ததெல்லாம் நீளமான கதை. எங்களை நினைத்து நிம்மதிப்பட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கனகவல்லி அம்மாள் வீடு அதற்குள் இடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் தகரத் தடுப்பு வைத்து ஒரு பலகை நின்றது. ஹேமநாத்தின் அதே மூன்று செல்போன் நம்பர். 'தாம்பரத்தின் இதயத்தில் சொகுசு அடுக்ககம்' என்று போட்டிருந்தது. அருள் போன செங்கல்லும் சிமெண்டும் ஆனதல்லவா எங்கள் தெரு? கனகவல்லி அம்மாள் வாங்கிய நாலு கிரவுண்டு இன்னும் அங்கே பொட்டலாகத்தான் கிடக்கிறது. அவர் மகன் வீட்டில் இருக்கிறார். எதிரில் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அவர் கையெழுத்துப் போட்ட அன்று வாழ்த்திக் கை கொடுத்தவன் நான்.

பட்டாபிராமனை மாத்திரம் யாராலும் திருத்த முடியவில்லை. அடுத்த மாதமே ஒரு நாள் அவர் தனியாகப் பஸ் ஏறிப் போய், அந்தக் கிலோமீட்டர் கல்லுக்குக் குங்குமம் வைத்துவிட்டு வந்தார். ஏன் சார் என்றால், கல் எதுவாக இருந்தால் என்ன, நம்பிக்கைதானே முக்கியம் என்றார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு பஸ் மாறி இரண்டரை மணி நேரம் என்றார். அதைச் சொல்லும்போதாவது சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

அன்று அந்தப் பொட்டலுக்குப் பதினாலு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு போனோம். கட்டாமல் போனவர்கள் மூன்று பேர்தான்: மனை விற்றவன், மந்திரம் சொன்னவன், கூலிக்கு ஓட்டியவர். ஆகவே இனிமேல் யாராவது உங்கள் கண்ணைக் கட்டத் துணியை எடுத்தால், அம்மனைப் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் அவன் கண்ணைப் பாருங்கள். அப்படியே உங்கள் மூளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அது உங்கள் பேரில்தான் இருக்கிறது, வில்லங்கம் ஒன்றும் இல்லை, எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.